ஒரு துளி இரத்தமும் ஓர் அளவுகோலும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் நிறுக்கும் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, வாளியில் சுமந்துகொண்டு நிறுக்கும் கொட்டகைக்கு வந்து வரிசையில் நிற்பார்கள் நம் தாய்மார்கள். கிராணி பாலை நிறுப்பார். நிறுத்தால் மட்டும் போதாது. பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று தெரியவேண்டும். அதற்காக 'மெட்ரோலாக்' என்ற மிதவைக் கருவியைப் பாலுக்குள் விட்டுப் பார்ப்பார். அது காட்டும் எண்ணையும் வைத்துத்தான் கணக்கு எழுதப்படும். அந்தக் கருவி ஒரு தோட்டத்தில் ஒரு மாதிரியும், பக்கத்துத் தோட்டத்தில் வேறு மாதிரியும் காட்டினால் என்ன ஆகும்? உழைப்பு ஒன்றாக இருந்தும் கூலி வேறாகிவிடும் அல்லவா?

மனிதனுடைய இரத்தத்துக்கும் இதே கதை ஒரு காலத்தில் இருந்தது. ஒரே இரத்தம், ஒரு மருத்துவமனையில் 'போதும்' என்றும், இன்னொரு மருத்துவமனையில் 'போதாது' என்றும் அளக்கப்பட்டது. அந்த நிலையை மாற்றியவர்கள் யார், எப்படி மாற்றினார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

சங்கம் என்றதும் நமக்குத் தொழிற்சங்கம்தான் நினைவுக்கு வரும். சம்பளம், வீடு, விடுமுறை இவற்றுக்காகப் பேசுவது தொழிற்சங்கம். மருத்துவர்களுக்கும் சங்கங்கள் உண்டு. இரத்த நோய்களை மட்டுமே கவனிக்கும் மருத்துவர்களுக்குத் தனிச் சங்கங்கள் உண்டு. அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ ஏதாவது ஒரு பெரிய நகரில் கூடுவார்கள், கட்டுரை படிப்பார்கள், விவாதிப்பார்கள், கலைந்து போவார்கள். 'அவர்கள் எங்கோ கூடிப் பேசுவதால் நமக்கு என்ன லாபம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிச் சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாத் தோட்டங்களில் நம்மவர்களை வாட்டிய நோய்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று மலேரியாக் காய்ச்சல், மற்றொன்று கொக்கிப்புழு. மலேரியாக் கிருமி இரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் வழியாக உடம்பில் ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தை உறிஞ்சுகிறது. நோய் இரண்டானாலும் முடிவு ஒன்றுதான்: இரத்தச் சோகை. கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900இல் தொடங்கப்பட்டது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்க முனைந்தார். இவையெல்லாம் அந்தத் துன்பத்தின் நடுவில் பிறந்த முயற்சிகள்.

இரத்தச் சோகை வெளியே தெரியாத நோய். காய்ச்சல் என்றால் உடம்பு சுடும்; காயம் என்றால் இரத்தம் ஒழுகும். சோகை பிடித்தவருக்கோ களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், வேலையில் மந்தம் ஆகியவைதான் தெரியும். அப்படிச் சோர்ந்து உட்காருகிற ஒருவரைப் பார்த்து 'சோம்பேறி' என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! 'இவர் சோம்பேறி அல்ல, இவர் இரத்தத்தில் சத்து இல்லை' என்று நிரூபிக்க ஓர் எண் வேண்டும். அந்த எண்தான் ஹீமோகுளோபின் அளவு. சிவப்பு அணுக்களுக்குள் இருந்துகொண்டு, நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்லும் சிவப்புப் பொருளுக்குத்தான் ஹீமோகுளோபின் என்று பெயர். இரும்புச் சத்து அதில் ஒரு முக்கியப் பகுதி.

அதை அளப்பது எப்படி? லண்டனில் டாக்டர் வில்லியம் கவர்ஸ் என்பவர் 1878இல் ஒரு சிறு கருவியை அமைத்தார். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். பக்கத்தில் மாதிரிக்கு ஒரு சிவப்புக் குழாய் இருக்கும். இரண்டின் நிறமும் ஒன்றானதும் நிறுத்திக் கோட்டைப் பார்ப்பார்கள். 1901இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி அதைத் திருத்தி அமைத்தார். சுவிட்சர்லாந்தின் சாலி என்ற மருத்துவர், இரத்தத்தை அமிலத்தில் கலந்து பழுப்பு நிறமாக்கி, ஒரு பழுப்புக் கண்ணாடியோடு ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். பின்லாந்தின் டால்க்விஸ்ட் என்பவர் இன்னும் எளிதாக, இரத்தத்தைத் தாளில் ஒற்றி நிற அட்டையோடு ஒப்பிடச் செய்தார். விலை குறைவு, கையாள்வது சுலபம் என்பதால் இப்படிப்பட்ட கருவிகள் உலகெங்கும் சிறிய மருத்துவமனைகளுக்குக்கூடப் போய்ச் சேர்ந்தன. அந்த வகையில் அவை செய்த நன்மை பெரிது.

ஆனால் அவற்றில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, எல்லாம் கண்பார்வையை நம்பிய வேலை. பகல் வெளிச்சத்தில் ஒரு நிறம். விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிறம். ஒருவர் கண்ணுக்கு ஒத்துப்போவது மற்றவர் கண்ணுக்கு ஒத்துப்போகாது. இரண்டாவது குறை இன்னும் பெரியது. அந்தக் கருவிகள் பெரும்பாலும் கிராம் கணக்கில் சொல்லாமல் நூற்றுக்கு இத்தனை என்றே சொல்லின. நூறு என்றால் நல்ல ஆரோக்கியம். ஆனால் எது நூறு என்பதில்தான் ஒற்றுமை இல்லை. ஹால்டேன் அளவில், பின்னாளில் திருத்தப்பட்ட கணக்குப்படி, நூறு என்பது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 14.8 கிராம் ஹீமோகுளோபின். சாலி கருவிகள் சிலவற்றில் நூறு என்பது 17 கிராமுக்கும் மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய்க்கு '75 விழுக்காடு' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். முதல் கருவியில் அதற்குப் பொருள் 11.1 கிராம். இரண்டாவது கருவியில் அதே 75க்குப் பொருள் ஏறக்குறைய 13 கிராம். பின்னாளில் வகுக்கப்பட்ட எல்லைப்படி, முதல் தாய்க்கு இரத்தச் சோகை உண்டு. இரண்டாவது தாய்க்கு இல்லை. சீட்டில் எழுதியிருப்பதோ ஒரே எண். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள். இங்கே அப்படி ஓரவஞ்சனை செய்தவர் எவரும் இல்லை. அளவுகோல்தான் அந்த வேலையைச் செய்தது.

இந்தக் குழப்பம் ஆராய்ச்சிக்கும் இடையூறு. ஓர் உதாரணம் சொல்கிறேன். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பமான காலத்தில் கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் என்னவென்று தெரியவில்லை. அவர் அந்தப் பெண்களின் வீட்டுச் சாப்பாட்டை ஆராய்ந்தார். அவர்கள் இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். சென்னையிலும், நீலகிரியில் குன்னூரிலும் அவருடைய ஆராய்ச்சி நடந்தது. கடைசியில், ஈஸ்ட் சாற்றிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான உணவைக் கொடுத்ததும் அந்தப் பெண்களின் இரத்தம் தேறுவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் அதே மார்மைட்தான். அதில் மறைந்திருந்த சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் 1941இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழு அதை ரசாயன முறையில் தயாரித்து 1945இல் அறிவித்தது. இன்று கர்ப்பிணிப் பெண்களுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் அந்தச் சிறிய மாத்திரைக்குப் பின்னால் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கண்ணீர் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்து கொடுக்குமுன் இரத்தம் எவ்வளவு, கொடுத்தபின் எவ்வளவு என்ற எண்களை வைத்துத்தான் லூசி வில்ஸ் தம் கண்டுபிடிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னார். பம்பாயில் அளந்த எண்ணை லண்டனில் இருப்பவரும் நியூயார்க்கில் இருப்பவரும் அதே பொருளில் புரிந்துகொண்டால்தான் ஓர் ஊரின் அனுபவம் இன்னோர் ஊருக்குப் பயன்படும். இல்லையென்றால் ஒவ்வோர் ஊரும் தனித்தனியாகப் புதிதாகவே கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இனிச் சங்கங்களுக்கு வருவோம். இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் இரத்த நோய் மருத்துவர்கள் ஒன்றுசேரத் தொடங்கினார்கள். 1946இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் கூடி, அனைத்துலக இரத்தவியல் சங்கத்தை உண்டாக்கினார்கள். அதே ஆண்டில், பாஸ்டன் நகரத்து டாக்டர் வில்லியம் டாமெஷெக்கை ஆசிரியராகக் கொண்டு 'பிளட்', அதாவது 'இரத்தம்' என்ற மருத்துவ இதழ் வெளிவரத் தொடங்கியது. அவரும் முன்னின்று உருவாக்கிய அமெரிக்க இரத்தவியல் சங்கம் 1958இல் அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் தன் முதல் கூட்டத்தை நடத்தியது. பிரிட்டனில் 1960இல் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. இதழ் நடத்துவது, இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சிகிச்சைக்கு வழிமுறை வகுப்பது ஆகியவை இச்சங்கங்களின் அன்றாட வேலைகள்.

இவற்றோடு வெளியுலகுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் இருந்தது. ஐரோப்பிய இரத்தவியல் சங்கம் 1963இல் ஒரு குழுவை அமைத்தது. இரத்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் ஒரே அளவுகோல் வகுப்பதே அதன் வேலை. அடுத்த ஆண்டு, 1964இல், ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய அனைத்துலகச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் குழு முதலில் கையில் எடுத்தது ஹீமோகுளோபின் பிரச்சினையைத்தான்.

வழி ஏற்கெனவே ஓரளவு போடப்பட்டிருந்தது. 1935இல் அமெரிக்காவில் டிராப்கின், ஆஸ்டின் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டிருந்தார்கள். இரத்தத்தில் ஒரு துளியை ஒரு குறிப்பிட்ட கரைசலில் கலந்தால், அதிலுள்ள ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழுவதும் நிலையான ஒரே பொருளாக மாறிவிடும். பிறகு அதனூடே வெளிச்சத்தைச் செலுத்தி, எவ்வளவு வெளிச்சம் தடுக்கப்படுகிறது என்று கருவியால் அளக்கலாம். கண்பார்வைக்கு இங்கே வேலை இல்லை. நெதர்லாந்தின் வான் காம்பன், ஸைல்ஸ்ட்ரா என்ற இருவர் 1961இல் அந்தக் கரைசலை மேலும் செம்மைப்படுத்தினார்கள். சங்கத்தின் குழு 1967இல் இந்த முறையையே உலகப் பொது முறையாகப் பரிந்துரைத்தது.

முறையைச் சொல்லிவிட்டால் போதுமா? கடைக்காரர் தராசு வைத்திருந்தாலும், படிக்கல் சரியானதா என்று பார்க்க ஓர் அரசாங்க முத்திரைக் கல் வேண்டும் அல்லவா? அதுபோல, இவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று திட்டமாக அளந்து நிர்ணயித்த கரைசலைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பல நாட்டு ஆய்வுக்கூடங்களும் பெற வழி செய்தார்கள். தம் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் அதை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். நூற்றுக்கு இத்தனை என்ற பழைய பேச்சு மெல்ல மறைந்து, இத்தனை கிராம் என்ற பேச்சு வந்தது.

படிக்கல் வந்தபின்பும் நிறுக்கிற கை தவறலாம். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். பிரிட்டனில் டாக்டர் மிட்செல் லூயிசும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களின் பிற்பகுதியில், ஒரே இரத்தத்தைப் பகிர்ந்து பல மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் தாம் கண்ட எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் விலகி நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். தண்டிப்பதற்காக அல்ல, திருத்திக்கொள்வதற்காகவே இந்தச் சோதனை. இப்படிப்பட்ட சோதனைகள் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவின. பெரிய மருத்துவர்கள் தங்கள் தவற்றைத் தாங்களே வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டார்களே, அதை நாம் பாராட்ட வேண்டும்.

அளவு ஒன்றானதும் எல்லை வகுக்க முடிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1968இல் ஓர் அறிக்கையில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிப் பெண்களுக்கு 11 கிராம், இவற்றுக்குக் குறைந்தால் இரத்தச் சோகை என்று வரையறுத்தது. 2024இல் அந்த நிறுவனம் எல்லைகளை மறுபடியும் ஆராய்ந்து, கர்ப்பத்தின் நடுப்பகுதி மூன்று மாதங்களுக்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் 10.5 கிராம் என்று திருத்தியது. ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்பது அப்படியே இருக்கிறது. எல்லோரும் ஒரே படியால் அளந்ததால்தான், எல்லையை எங்கே நகர்த்த வேண்டும் என்பதைக்கூட அரைக் கிராம் துல்லியத்தில் பேச முடிந்தது.

ஹீமோகுளோபினோடு கதை முடியவில்லை. இதய வால்வு கெட்டுப்போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலர், இரத்தம் உறையாமல் இருக்க 'வார்ஃபரின்' என்ற மாத்திரை சாப்பிடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மாத்திரை குறைந்தால் இரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் உள்ளுக்குள் இரத்தம் கசியும். ஆகவே அடிக்கடி சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் பயன்படும் மருந்து ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம். ஒரே நோயாளி, ஒரே இரத்தம், ஆனால் ஊருக்கு ஊர் வேறு எண். உலகச் சுகாதார நிறுவனம் 1983இல் இதற்கு ஒரு பொதுக் கணக்கு முறையை ஏற்றுக்கொண்டது. 1985இல் நாம் சொன்ன அளவுகோல் குழுவும், இரத்தம் உறைவதை ஆராயும் இன்னோர் அனைத்துலகக் குழுவும் சேர்ந்து அதற்கான பரிந்துரையை வெளியிட்டன. இன்று நோயாளியின் புத்தகத்தில் 'ஐ.என்.ஆர்.' என்று எழுதுகிறார்களே, அது அப்படி வந்ததுதான். ஈப்போவில் எழுதிய எண்ணை ஜொகூரில் இருக்கும் மருத்துவர் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடிகிறது.

அளவைப் போலவே பெயரும் முக்கியம். இரத்தப் புற்றுநோய் ஒன்றல்ல, பல வகை. ஒரே வகையை ஒரு நாட்டார் ஒரு பெயராலும் மற்றொரு நாட்டார் வேறு பெயராலும் அழைத்தால், எந்த மருந்து எந்த வகைக்கு நன்றாக வேலை செய்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? 1976இல் பிரான்ஸ், அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்த ஏழு நிபுணர்கள் உட்கார்ந்து, நுண்ணோக்காடியில் தெரியும் அணுக்களை வைத்துக் கடும் இரத்தப் புற்றுநோய்களுக்கு ஒரு பொதுப் பெயர்ப் பட்டியலை வகுத்தார்கள். பிற்காலத்தில் அதைவிட நுட்பமான பட்டியல்கள் வந்துவிட்டன. ஆனாலும் எல்லோரும் ஒரே பெயரால் பேச வேண்டும் என்ற வழக்கத்தை வேரூன்றச் செய்ததில் அந்த ஏழு பேருக்குப் பெரும் பங்கு உண்டு.

நேயர்களே, ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஹீமோகுளோபின் எண் 'எவ்வளவு' என்று சொல்லும். 'ஏன்' என்று சொல்லாது. இரும்புச் சத்துக் குறைவாலும் எண் இறங்கலாம், கொக்கிப்புழுவாலும் இறங்கலாம், மாதவிலக்கில் அதிக இரத்தப் போக்காலும் இறங்கலாம், பெற்றோரிடமிருந்து வரும் தலசீமியா என்ற பரம்பரைக் குறையாலும் இறங்கலாம். தலசீமியாவைச் சுமப்பவரின் சிவப்பு அணுக்களும் சிறுத்து வெளிறியே இருக்கும்; மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புக் குறைவு போலவே தோன்றும். ஆகவே பக்கத்து வீட்டம்மா சாப்பிட்ட மாத்திரையையே நாமும் வாங்கிச் சாப்பிட்டுவிடுவது சரியாகாது. காரணம் இன்னதென்று மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். கிளினிக்கில் ஒரு துளி இரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைத்தால் சில நிமிடங்களில் எண் வந்துவிடுகிறது. பழைய கரைசலில் நச்சுப் பொருள் கலந்திருந்ததால், பல இயந்திரங்கள் இன்று வேறு கரைசலைப் பயன்படுத்துகின்றன. ஆனாலும் அவை காட்டும் எண்ணுக்கு அடிப்படை 1967இல் வகுத்த அதே படிக்கல்தான்.

தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டோம்: மருத்துவர்கள் எங்கோ கூடிப் பேசுவதால் நமக்கு என்ன லாபம்? நம் பாட்டிமார் களைத்து உட்கார்ந்தபோது, அது சோம்பலா நோயா என்று சொல்ல ஊருக்கு ஊர் வேறு அளவுகோல் இருந்தது. இன்று கூலி வேலை செய்யும் பெண்ணின் இரத்தமும் கோடீசுவரர் வீட்டுப் பெண்ணின் இரத்தமும் ஒரே படியால் அளக்கப்படுகின்றன. பணக்காரருக்கு ஒரு கிராம், ஏழைக்கு ஒரு கிராம் என்று இரண்டு இல்லை. இது தானாக வந்துவிடவில்லை. பல நாட்டவர் உட்கார்ந்து, வாதாடி, தம் கருவிதான் சிறந்தது என்ற பிடிவாதத்தை விட்டுக்கொடுத்ததால் வந்தது.

அந்த எண் உங்களுடையது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "என் இரத்தம் எத்தனை கிராம்?" என்று தயங்காமல் கேளுங்கள். சில இடங்களில் 12 என்பதை 120 என்றும் எழுதுவார்கள், லிட்டர் கணக்கில் சொல்வதால் வரும் வித்தியாசம் அது, பயப்பட வேண்டாம். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். குறைவாக இருந்தால், "ஏன் குறைந்தது?" என்ற இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். பால் நிறுக்கும் கொட்டகையில் எண்ணைச் சரிபார்க்காமல் நகராத நம் தாய்மார்களுக்கு, இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.